கரடிப்பூண்டு: மோந்து பார்த்தால் மட்டும் போதாது

வாசகர் கேள்வி – பதில்

பிப்ரவரிக் கடைசியில் ஐரோப்பியக் காடுகளில் பனி கரையத் தொடங்கியதும் தரையெல்லாம் பச்சை விரிக்கும் ஒரு பூண்டுச் செடியைப் பற்றி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், பிரிட்டன் வாசகர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதிலும் சேர்த்தே தருகிறோம்.

கேள்வி: மார்ச் மாதம் பக்கத்துக் காட்டுப் பாதையில் நடந்தால் பூண்டு நசுக்கிய வாசனை தூக்குகிறது. இங்கே 'பேர்லாவுக்' என்கிறார்கள். நாம் சமைக்கும் பூண்டின் காட்டு வகைதானா? தமிழில் என்ன பெயர்?

பதில்: உறவுதான், ஆனால் மூதாதை அல்ல. சமையல் பூண்டு அல்லியம் சட்டைவம். இது அல்லியம் உர்சினம். வெங்காயமும் லீக்ஸும் இதே அல்லியம் இனத்துப் பங்காளிகள். 1753-இல் லின்னேயஸ் சூட்டிய 'உர்சினம்' என்ற சொல்லுக்குக் கரடிக்குரியது என்று பொருள். குளிர்கால உறக்கம் கலைந்து எழும் கரடி முதலில் தேடித் தின்பது இதைத்தான் என்பது அங்கே பழைய நம்பிக்கை. ஜெர்மன் 'பேர்லாவுக்', பிரெஞ்சு 'ஆய் தேஸூர்ஸ்' இரண்டிலும் கரடி இருக்கிறது. ஆங்கிலத்தில் ராம்சன்ஸ். தமிழில் வழிவழியாக வந்த பெயர் எதுவும் இல்லாததால் கரடிப்பூண்டு என்றே எழுதுகிறோம்.

பல் பல்லாகப் பிரியும் பூண்டை இதில் எதிர்பார்க்க வேண்டாம். மண்ணுக்குள் இருப்பது ஒல்லியான, நீளவாக்கிலான ஒற்றைக் குமிழ். அதைத் தோண்டினால் கைக்குக் கிடைப்பது கொஞ்சம். செடியோ அதோடு போயிற்று. இலை, மொட்டு, பூ, பச்சைக் காய் இவைதான் பயன்படுபவை.

இந்தச் செடியின் ஆண்டுக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். பீச், ஆஷ் போன்ற இலையுதிர் மரங்கள் தளிர் விடுவதற்கு முன்னால், தரையில் வெயில் விழும் இரண்டு மூன்று மாதம்தான் இதன் வாழ்க்கை. அதற்குள் இலை விட்டு, ஏப்ரல், மே மாதங்களில் பூத்து, காய்த்து, அடுத்த ஆண்டுக்கான உணவைக் குமிழில் சேர்த்துவிட வேண்டும். ஜூனில் மேலே மரங்கள் குடை பிடித்ததும் இலை மஞ்சளாகிப் படுத்துவிடும். ஜூலையில் அந்த இடத்தில் ஒரு செடி இருந்த தடமே தெரியாது.

கேள்வி: இலையைக் கசக்கி மோந்து பார்த்து, பூண்டு வாசனை வந்தால் பறிக்கலாம் என்கிறார்கள். அது போதுமா?

பதில்: போதாது. இந்த இதழில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை மட்டும் முழுவதும் படியுங்கள்.

முதல் இலையைக் கசக்கும்போது மூக்கு சரியாகத்தான் சொல்லும். பத்தாவது இலைக்கு வரும்போது உங்கள் விரல், கூடை, சட்டைக்கை எல்லாமே பூண்டு. அப்போது ஒரு நச்சு இலையைக் கசக்கினாலும் பூண்டு வாசனைதான் வரும். மூக்கும் அந்த வாசனைக்குப் பழகிப்போயிருக்கும். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. ஆகவே மோப்பம் முதல் சோதனையாக இருக்கட்டும். முடிவு சொல்ல வேண்டியது கண்.

குழப்பும் செடிகள் மூன்று. மூன்றுமே இதே பருவத்தில், சில இடங்களில் இதே செடிக் கூட்டத்துக்கு நடுவிலேயே தலைகாட்டும்.

முதலில் கரடிப்பூண்டை உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு இலைக்கும் தனித்தனியாக, மெல்லிய, நீளமான காம்பு. அந்தக் காம்பு தரையிலிருந்து தானே எழுந்து வரும். இன்னோர் இலையைச் சுற்றிக்கொண்டு வராது. ஒரு குமிழுக்கு இரண்டு இலை, சிலவற்றில் மூன்று. இலை மென்மையானது, கையில் பிடித்தால் துவளும். அடிப்பக்கம் மங்கலாக இருக்கும், பளபளக்காது. காம்பை விரலால் தொட்டுப் பார்த்தால் ஒரு சிறு முறுக்கு தெரியும். இந்தச் செடியின் இலை காம்பில் அரைச்சுற்றுத் திரும்பி, பிறவியில் கீழ்ப்பக்கமாக இருந்தது மேலே தெரியும்படி விரிகிறது. வெள்ளைப் பூக்கள் ஆறு இதழ் நட்சத்திரங்களாக ஒரே தண்டின் உச்சியில் கொத்தாக நிற்கும்.

இனி லில்லி ஆஃப் தி வேலி. ஜெர்மனில் மைக்லொக்ஷன், பிரெஞ்சில் முகே. பிரான்சில் மே முதல் நாள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் அதே வெள்ளை மணிப்பூ. இதில் இரண்டு இலைகள் ஒரே தண்டிலிருந்து, ஒன்றை ஒன்று அணைத்தபடி கிளம்பும். அடித்தண்டை ஒரு செந்நிற அல்லது ஊதா கலந்த உறை சுற்றியிருக்கும். இலை விறைப்பு, அடிப்பக்கம் மினுமினுப்பு. மண்ணுக்குள் இதற்குக் குமிழ் கிடையாது, கிடையாக ஓடும் கிழங்குத் தண்டுதான். கன்வலடாக்சின் போன்ற, இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு செடி முழுவதிலும் உண்டு.

இரண்டாவது, மூன்றிலும் மிகக் கொடியது: கோல்ச்சிகம். ஜெர்மனில் ஹெர்ப்ஸ்ட்ஸைட்லோஸெ, பிரெஞ்சில் கொல்ஷிக். இதன் இளஞ்சிவப்புப் பூ இலையுதிர்காலத்தில் இலையே இல்லாமல் தரையிலிருந்து வரும். இலை மட்டும் வசந்தத்தில் வரும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. இலைக்குக் காம்பே இல்லை. நேராக மண்ணிலிருந்து, பல இலைகள் ஒன்றுக்குள் ஒன்றாக, தடிப்பாக, மெழுகு பூசியது போல நிற்கும். கொத்தைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் பச்சைக் காய் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஈரமான புல்வெளிதான் இதன் வீடு என்றாலும், ஆற்றோரக் காடுகளின் ஓரங்களில் கரடிப்பூண்டோடு கலந்து வளரும். இதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சு நமக்குப் புதிதல்ல. செங்காந்தள் கிழங்கில், அதாவது கார்த்திகைக் கிழங்கில் இருப்பதும் இதே நஞ்சுதான். கொதிக்க வைத்தாலும் உலர்த்தினாலும் அது முறியாது.

மூன்றாவது, ஆரம் (Arum) என்ற செடி. முதிர்ந்த இலை அம்புத்தலை போல இருப்பதால் தெரிந்துவிடும். இளம் இலையில் அந்தக் கூர்க் காதுகள் இன்னும் வந்திருக்காது. நரம்பைப் பாருங்கள். கரடிப்பூண்டில் நரம்புகள் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். ஆரத்தில் வலைபோலக் கிளை பிரியும். இதைக் கடித்தால் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வாயையும் தொண்டையையும் குத்தும். எரிச்சல் உடனே தெரிவதால் பெரும்பாலோர் துப்பிவிடுகிறார்கள்.

இதிலிருந்து வரும் நடைமுறை ஒன்றே ஒன்று. அரிவாளாலோ கத்தியாலோ கற்றையாக அறுக்காதீர்கள். ஓர் இலை, அதன் காம்பு, ஒரு பார்வை, பிறகு கூடை. காம்பின் அடி தெரியும்படி பறித்தால் வீட்டில் கழுவும்போது மறுபடியும் பார்க்கலாம். இரண்டு முறை பார்த்தும் ஓர் இலையில் சந்தேகம் தீரவில்லையென்றால் அந்த இலையை விட்டுவிடுங்கள். கூடையில் ஒரு கோல்ச்சிகம் இலை கிடைத்துவிட்டால், அந்த இடத்தில் பறித்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பாருங்கள். நறுக்கிய பிறகு எந்தச் சோதனையும் பலிக்காது.

கேள்வி: தவறான இலையைச் சாப்பிட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? எத்தனை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்?

பதில்: பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது. கோல்ச்சிசினின் கொடுமை அதன் தாமதத்தில் இருக்கிறது. சாப்பிட்டு 2 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் வாந்தி, தண்ணீராக வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி. பலரும் 'ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை' என்று படுத்துவிடுகிறார்கள். அதற்கடுத்த ஒன்று முதல் மூன்று நாளில்தான் சிறுநீரகம், கல்லீரல், இதயம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகத் தளரத் தொடங்கும். இதற்கென்று மருத்துவமனைகளில் வழக்கமாகப் புழங்கும் மாற்று மருந்து கிடையாது. நஞ்சு உடலில் ஏறுவதற்கு முன் தடுப்பதும், உறுப்புகளைத் தாங்கிப் பிடிப்பதும்தான் சிகிச்சை. அதனால்தான் முதல் மணி நேரங்களுக்கு இவ்வளவு மதிப்பு.

அறிகுறி வராவிட்டாலும் அழையுங்கள். சுவிட்சர்லாந்தில் நச்சுத் தகவல் மையத்தின் எண் 145. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எதிலும் அவசர எண் 112. பிரிட்டனில் 999. நீங்களாக விரலை விட்டு வாந்தி எடுக்க வேண்டாம். மிச்சமிருக்கும் இலை, சமைத்த உணவு, குப்பையில் போட்ட காம்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். எந்தச் செடி என்று உறுதியாவது சிகிச்சையின் போக்கையே மாற்றும். அதே உணவைச் சாப்பிட்ட மற்றவர்களையும், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும், கூட்டிச் செல்லுங்கள்.

கேள்வி: பூத்துவிட்டால் இலை நஞ்சாகிவிடும் என்கிறார்களே?

பதில்: ஆகாது. பூக்கும்போது செடி தன் சத்தைப் பூவுக்கும் குமிழுக்கும் அனுப்புவதால் இலை முரடாகும், நார் கூடும், லேசாகக் கசக்கும். ருசிக்காகத்தான் அதற்கு முன் பறிக்கிறார்கள். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவு வரை உள்ள இலை நல்ல பதம்; மலைப்பகுதிகளில் இரண்டு மூன்று வாரம் பின்னால் போகும்.

எவ்வளவு பறிக்கலாம் என்பதற்கும் செடியின் ஆண்டுக் கணக்கே பதில். இரண்டே இலையுள்ள செடி, மூன்று மாதத்தில் ஓராண்டுச் சாப்பாட்டைச் சேர்க்கிறது. இரண்டையும் பறித்துவிட்டால் அடுத்த வசந்தத்தில் மெலிந்து வரும், அல்லது வராது. ஒரு செடிக்கு ஓர் இலை. கூட்டத்தின் நடுவில் மிதித்து நிற்காமல் ஓரத்திலிருந்து கை நீட்டிப் பறியுங்கள். ஈர மண்ணில் ஒரு காலடி பல குமிழ்களை நசுக்கும்.

சட்டமும் உண்டு. ஜெர்மனியில் கூட்டரசு இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கு ஒரு கைப்பிடி அளவு பறிப்பதை அனுமதிக்கிறது. இயற்கைக் காப்பகங்களில் அதுவும் கூடாது. பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் காட்டுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி, நிலத்துக்காரர் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றம். சுவிட்சர்லாந்தில் கன்டோனுக்குக் கன்டோன், அதாவது மாநிலத்துக்கு மாநிலம், விதி மாறும். காட்டு முகப்பிலுள்ள பலகையைப் படித்துவிட்டு நுழையுங்கள்.

கேள்வி: நரியின் எச்சத்திலிருந்து நாடாப்புழு முட்டை இலையில் ஒட்டியிருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். உறைபெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. நரி நாடாப்புழுவின் முட்டை, வீட்டு உறைபெட்டியின் மைனஸ் 18 டிகிரியைச் சாதாரணமாகத் தாங்கும். அதைக் கொல்வது சூடு. 60 டிகிரிக்கு மேல் சில நிமிடம் சமைத்தால் போதும். கரடிப்பூண்டு இலையால் அந்தப் புழுவின் நோய் தொற்றுவது மிக அரிது என்றே கருதப்படுகிறது. ஆனாலும் பச்சையாகத் தின்பவர்கள் நாய்களும் நரிகளும் நடக்கும் பாதையோரத்தை விட்டு உள்ளே தள்ளிப் பறித்து, ஓடும் தண்ணீரில் ஒவ்வோர் இலையாக இருபுறமும் தேய்த்துக் கழுவுவது நல்லது. அலசும்போது தண்ணீரில் சேரும் மண்ணே அந்த வேலையின் அவசியத்தைச் சொல்லிவிடும். முழு உறுதி வேண்டுமென்றால் சூப்பாகவோ வதக்கியோ சாப்பிடுங்கள்.

கேள்வி: பெஸ்டோ (இலை, கொட்டை, பாலாடைக்கட்டி, எண்ணெய் சேர்த்து அரைக்கும் துவையல்) செய்தேன். ஒரு முறை கசந்தது. இன்னொரு முறை மேலே பழுப்பாகிவிட்டது. எண்ணெய் மிதக்க வைத்தால் அலமாரியிலேயே மாதக்கணக்கில் இருக்கும் என்று படித்தேன். சரியான முறை என்ன?

பதில்: கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் அது ஆபத்து. மண்ணோடு தொடர்புள்ள எந்த இலையிலும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கலாம். காற்று படாத, புளிப்புக் குறைந்த (பி.எச். 4.6-க்கு மேல்), அறை வெப்பமுள்ள இடத்தில் அவை விழித்துப் பெருகி நஞ்சு சுரக்கும். எண்ணெய்க்கு அடியில் மூழ்கிய பச்சைப் பூண்டிலை அப்படிப்பட்ட இடம்தான். அந்த நஞ்சுக்கு மணம், நிற மாற்றம் எதுவும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே பெஸ்டோவைக் குளிர்பெட்டியில் வைத்து ஐந்து நாளுக்குள் முடியுங்கள், அல்லது உறைய வையுங்கள். அலமாரி வேண்டவே வேண்டாம்.

இனி அளவு. இலை 100 கிராம், சூரியகாந்தி விதை அல்லது ஹேசல் கொட்டை 50 கிராம், துருவிய பார்மெசான் போன்ற கெட்டிப் பாலாடைக்கட்டி 50 கிராம், எண்ணெய் 120 மில்லி, உப்பு 3 கிராம், எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி.

இலையைக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் சொட்டுக்கூட இல்லாமல் உலர விடுங்கள். ஈரம் தங்கினால் பெஸ்டோ நீர்த்துப்போய்ச் சீக்கிரம் கெடும். அடுத்து, இலையைக் குறுக்குவாட்டில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கத்தியால் நறுக்குங்கள். நரம்புகள் நீளவாக்கில் ஓடுவதால், முழு இலையை மிக்ஸியில் போட்டால் நார் பிளேடில் நூல்போலச் சுற்றிக்கொள்ளும். மோட்டார் சூடாகும், அரைபடாது. விதையை வெறும் சட்டியில் லேசாக வறுத்து ஆறவைத்து, முதலில் அதைப் பொடித்துவிட்டு, இலை, உப்பு, பாதி எண்ணெய் சேர்த்து விட்டு விட்டு நாலைந்து சுற்று. பாலாடைக்கட்டியையும் எலுமிச்சைச் சாற்றையும் மீதி எண்ணெயையும் கரண்டியால் கலக்குங்கள்.

கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று பூத்த பிறகு பறித்த இலை. மற்றொன்று ஆலிவ் எண்ணெயை அதிவேகத்தில் நெடுநேரம் அடித்தது. அதிலுள்ள கசப்புப் பொருள்கள் அப்படி அடிபடும்போது தூக்கலாகத் தெரியும். பாதி அளவு சூரியகாந்தி எண்ணெய் சேர்த்தால் இந்தத் தொல்லை குறையும். பழுப்பு நிறம் காற்று பட்டதால் வருவது. சிறு ஜாடிகளில் அழுத்தி நிரப்பி, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். உறைய வைப்பதாக இருந்தால் பாலாடைக்கட்டி சேர்க்காமல் ஐஸ் தட்டில் கட்டிகளாக உறைய வைத்துப் பைக்கு மாற்றலாம். ஆறு மாதம் வரை மணம் தாக்குப்பிடிக்கும். பாலாடைக்கட்டியைச் சாப்பிடும் அன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பச்சையாக இருக்கும்போது அவ்வளவு மணம். சூப்பில் போட்டதும் வெறும் கீரை போலாகிவிடுகிறது. உலர்த்தினாலும் வைக்கோல். ஏன்?

பதில்: இலைக்குள் மணம் தயாராக இருப்பதில்லை. அல்லியின், மெத்தியின் போன்ற மணமற்ற கந்தகச் சேர்மங்கள் ஓர் அறையிலும், அல்லினேஸ் என்ற நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. நறுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் சேர, அல்லிசின் முதலியவை உண்டாகி மணக்கின்றன. சூடு அந்த நொதியைக் கெடுத்துவிடும். முழு இலையைக் கொதிநீரில் போட்டால் நிறம் நன்றாக நிற்கும், மணம் பிறக்கவே பிறக்காது. நறுக்கி நெடுநேரம் கொதித்தாலோ, பிறந்த மணம் ஆவியோடு போய்விடும். உலர்த்துவதிலும் இதே கதி.

ஆகவே சூப்பைத் தனியாக முடித்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் வழக்கமாகச் செய்வது இது: ஒரு வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, 300 கிராம் உருளைக்கிழங்கை காய்கறி வேகவைத்து வடித்த 800 மில்லி சாற்றில் வேகவைத்து மசித்து, 100 மில்லி க்ரீம் ஊற்றிக் கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவது. பொடியாக நறுக்கி ஐந்து நிமிடம் காற்றாட வைத்த 100 கிராம் இலையை அதற்குப் பிறகு சேர்த்து ஒரே சுற்று அரைத்து உடனே பரிமாறுங்கள். (நாடாப்புழு பற்றிக் கவலைப்படுபவர்கள் இலை சேர்த்த பின் ஐந்து நிமிடம் சிறு தீயில் வைக்க வேண்டும், மணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.)

மணத்தைப் பிடித்து வைக்கக் கொழுப்பு நல்ல துணை. 250 கிராம் வெண்ணெய் குழைந்ததும் 40 கிராம் இலையைத் தூளாக நறுக்கிச் சேர்த்து, உப்பு 3 கிராம், எலுமிச்சை ஒரு தேக்கரண்டி விட்டுப் பிசைந்து, தாளில் உருளையாகச் சுற்றி உறைய வையுங்கள். தேவைக்கு வட்டமாக நறுக்கி எடுக்கலாம். வெண்ணெயை உருக்கிவிடக் கூடாது. உருகினால் இலை அடியில் தங்கிவிடும்.

உப்பும் செய்யலாம்: கல்லுப்பு 200 கிராமுக்கு இலை 100 கிராம் அரைத்து, தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஓவனில் 50 டிகிரிக்கு மேல் போகாமல் கதவைச் சற்றே திறந்து வைத்து மூன்று நான்கு மணி நேரம். சூடு கூடினால் பச்சை பழுப்பாகும். இருட்டில் வைத்தால் நிறம் நிற்கும். பச்சை இலையின் காரம் இதில் முழுமையாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இன்னொரு வழியை இங்கிலாந்தின் கார்ன்வாலில் பார்க்கலாம். அங்கே யார்க் என்ற பாலாடைக்கட்டியின் ஒரு வகையை இந்த இலையால் சுற்றியே பக்குவப்படுத்துகிறார்கள்.

கேள்வி: பூவையும் காயையும் என்ன செய்வது?

பதில்: பூவை அப்படியே சாலட்டின் மேல் தூவலாம். கடித்தால் முதலில் தேன் இனிப்பு, பின்னாலேயே காரம். நறுக்காமல் கொத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போடுங்கள்.

மொட்டும் பச்சைக் காயும் ஊறுகாய்க்கு அருமை. 'கேப்பர்' என்ற மத்தியதரைக் கடல் மொட்டு ஊறுகாய்க்கு மாற்றாக இதைச் செய்கிறார்கள். காய், மூன்று மணிகளை ஒட்டவைத்தது போல இருக்கும். மணி பச்சையாக, நகம் பதியும் பதத்தில் இருக்க வேண்டும். உள்ளே விதை கறுக்கத் தொடங்கிவிட்டால் பல்லில் மணல்போல் கடிபடும், அதை விட்டுவிடுங்கள்.

காம்பு நீக்கிய காய் 100 கிராமுடன் உப்பு 25 கிராம் கலந்து, மூடிய ஜாடியில் குளிர்பெட்டியில் இரண்டு வாரம். தினம் ஒரு முறை குலுக்குங்கள். பச்சைக் காரத்தின் முரட்டுத்தனம் இதில்தான் அடங்குகிறது. பிறகு உப்பை அலசி, நன்றாக வடித்து, வெந்நீரில் கொதிக்கவிட்ட ஜாடியில் நிரப்பி, 5 சதவீத அமிலமாவது உள்ள வினிகரைக் கொதிக்க வைத்து காய் மூழ்க ஊற்றுங்கள். வினிகரில் தண்ணீர் கலக்க வேண்டாம். பாதுகாப்பே அந்தப் புளிப்புதான். மூன்று வாரம் பொறுத்துத் திறக்கலாம். திறந்த பின் குளிர்பெட்டி.

ஓரிடத்தில் மூன்று கொத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். மிச்சம் விதையாக விழட்டும்.

கேள்வி: விதை வாங்கித் தொட்டியில் போட்டு ஓராண்டாகிறது. முளைக்கவே இல்லை. செத்த விதையா?

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். உறையில் மாதக்கணக்கில் காய்ந்த விதையானால் உயிர் போயிருக்கலாம். இந்த விதை வறட்சி தாங்காது. ஈரம் காயாத விதையென்றால் பொறுத்திருங்கள். விழும்போது அதன் கரு முழுதாக வளர்ந்திருக்காது. ஒரு கோடையின் வெதுவெதுப்பும் ஒரு குளிர்காலத்தின் சில்லிப்பும், அந்த வரிசையிலேயே, அதற்கு வேண்டும். இலையுதிர்காலத்தில் வேர் விட்டு, வசந்தத்தில்தான் ஒற்றை இலை காட்டும். சில விதைகள் இரண்டாவது குளிர்காலத்தையும் கடந்தே எழும். நடுவில் தொட்டியைக் காயவிட்டால் எல்லாம் வீண். ஜூன், ஜூலையில் செடியிலிருந்து கறுத்து விழும் விதையை அந்த வாரமே, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, மக்கிய இலையால் மூடுவதே சிறந்த வழி.

அவசரமென்றால் நாற்றங்காலில் வளர்த்த குமிழ் வாங்குங்கள். சமையல் பூண்டுக்கு உள்ளது போல இதற்குக் காகிதத் தோல் கிடையாது. வெளியில் கிடந்தால் ஓரிரு நாளில் சுருங்கும். வந்த அன்றே 7, 8 சென்டிமீட்டர் ஆழத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டுவிடுங்கள். இலையுதிர் மரத்தடி, ஈரம் தங்கும் மக்கு மண், சுண்ணாம்புச் சத்து இருந்தால் மிக நல்லது. முதல் ஆண்டு ஓர் இலைகூடப் பறிக்காதீர்கள். விதையிலிருந்து வந்த செடி பூக்க மூன்று நான்கு ஆண்டு பிடிக்கும்.

ஜூனில் இலை படுத்ததும் செத்துவிட்டதென்று தொட்டியைக் கொட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். குமிழ் தூங்குகிறது. ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்து, கோடையிலும் மண்ணை ஈரமாகவே வைத்திருங்கள். பிடித்துவிட்டாலோ பரவித் தள்ளும். அளவாக இருக்க வேண்டுமென்றால் காய் கறுக்கும் முன் கொத்தைக் கிள்ளிவிடுங்கள். அதே தோட்டத்தில் லில்லி ஆஃப் தி வேலியை வைக்கவே வைக்காதீர்கள். இரண்டும் மண்ணுக்குள்ளும் மேலும் படர்ந்து, நாலைந்து ஆண்டில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும்.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்கு மருந்தாகச் சாப்பிடலாமா?

பதில்: உணவாகச் சாப்பிடுங்கள். ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிடமும் செய்த சோதனைகள் உண்டு. மனிதர்களுக்கு இத்தனை கிராம் என்று மருந்தளவு சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் தினமும் பெரிய அளவில் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு இலைக்கு மாறுவது கூடவே கூடாது.

கேள்வி: நாய் தின்றுவிட்டது. பரவாயில்லையா?

பதில்: பூண்டு, வெங்காய இனம் எல்லாமே நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகை உண்டாக்கும். அறிகுறி சில நாள் கழித்தே தெரியும்: சோர்வு, வெளிறிய ஈறு, கருஞ்சிவப்புச் சிறுநீர். தின்ற அளவைக் கணித்து அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். பசு தின்றால் பாலில் பூண்டு வாடை ஏறும். 19-ஆம் நூற்றாண்டு சுவிட்சர்லாந்தில் அந்த வாடையுள்ள பாலிலிருந்து எடுத்த வெண்ணெயை விரும்பியே உண்டிருக்கிறார்கள்.

கேள்வி: பிரிட்டனில் எங்கள் தெருவோரம் உள்ளதில் இலை ஒல்லி, தண்டு முக்கோணம், பூ தொங்குகிறது. பூண்டு வாசனை உண்டு. இதுவும் கரடிப்பூண்டா?

பதில்: இல்லை, அது மூன்று பட்டைத் தண்டுடைய அல்லியம் ட்ரிக்வெட்ரம். மேற்கு மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தது. இதழ் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பச்சைக் கோடு இருக்கும். அதைப் பார்த்தால் சந்தேகம் தீரும். இதையும் இலை, பூ, தண்டு என்று சாப்பிடலாம். லீக்ஸ் போன்ற மென்மையான ருசி.

இதற்கு ஒன்றுவிட்ட தம்பி போல இன்னொன்று உண்டு, அல்லியம் பாரடாக்சம். காகசஸ் பக்கத்துச் செடி. பெர்லின் பூங்காக்களில் தரையையே மூடிவிட்டதால் அங்கே 'பெர்லின் பேர்லாவுக்' என்றே பெயர். ஒரு குமிழுக்கு ஒரே ஒல்லி இலை. தண்டு உச்சியில் ஓரிரு பூவோடு குண்டுமணிக் குமிழ்கள் சில ஒட்டியிருக்கும். அந்த மணி ஒவ்வொன்றும் ஒரு செடி.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவ்விரண்டையும் காட்டிடத்தில் நடுவதும் பரவவிடுவதும் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் அட்டவணைப்படி குற்றம். ஆகவே கரடிப்பூண்டுக்குச் சொன்ன 'ஒரு செடிக்கு ஓர் இலை' இவற்றுக்குப் பொருந்தாது. உங்கள் தோட்டத்துக்குள் வந்திருந்தால் வேரோடு தோண்டிச் சமைக்கலாம். கழித்த குமிழையும் மணியையும் மட்டும் உரக்குழியில் போடாதீர்கள், அங்கிருந்தே மறுபடி கிளம்பும். கொதிநீரில் முக்கி எடுத்த பிறகு குப்பையில் சேருங்கள்.